எழுதும் கையும் இயக்கும் கையும்

மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை வந்தடைந்தது. ஐந்தடி ஆறங்குல அகலங் கொண்ட பெரும்பாதை அது. 1903, 1904ஆம் ஆண்டுகளில் அவ்விடத்திலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு இரண்டடி ஆறங்குல அகலமுள்ள சிறுபாதையொன்று போடப்பட்டது. பாதைகளின் அகலம் வேறாகையால், தோட்டங்களிலிருந்து சிறுவண்டிகளில் வந்த தேயிலைப் பெட்டிகள் நானுஓயாவிலே பெருவண்டிகளுக்கு மாற்றப்பட வேண்டியிருந்தது. அச்சிறுபாதை மூடப்பட்டுப் பல காலமாகிவிட்டது. எனினும், சிறுவண்டியா, பெருவண்டியா என்ற அந்தப் பழைய கேள்வி இன்று கணினியின் உள்ளே வேறொரு கோலத்தில் எழுந்து நிற்கின்றது.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். நிலையத்து இலிகிதர் ஒருவர் தம் சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறார். எந்த வண்டி எங்கே நிற்கின்றது என்பதை வண்டிக்கு ஒரு வரியாக அதிற் குறித்துக்கொள்கிறார். ஏட்டில் இல்லாத வண்டியைப் பற்றி எவரேனும் கேட்டால், அலுவலகத்துக்குள் சென்று பெரும் பதிவேடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்ட வேண்டும். சரக்கு முழுவதும் சிறுவண்டிகளில் இருக்குமானால் குறிப்பேடு விரைவில் நிரம்பிவிடும். இலிகிதரின் கால்கள் ஓயமாட்டா. அதே சரக்கு சில பெருவண்டிகளில் இருக்குமானால் சில வரிகளே போதும்.

கணினியின் நினைவகமும் இவ்வாறே பகுக்கப்பட்டுள்ளது. பகுதி ஒவ்வொன்றுக்கும் ‘பக்கம்’ என்று பெயர். இன்றைய பெரும்பாலான மேசைக் கணினிகளிலும் சேவைக் கணினிகளிலும் உள்ள செயலிகளில் ஒரு சிறுபக்கம் 4 கிலோபைட் அளவினது. ஒரு பெரும்பக்கம் 2 மெகாபைட். அதாவது 512 சிறுபக்கங்கள் சேர்ந்தால் ஒரு பெரும்பக்கம். எப்பக்கம் எங்கே உள்ளது என்பதைக் காட்டும் அட்டவணைகள் பொதுவாக நான்கு படிகளில் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு முறையும் அவற்றைப் புரட்டினால் காலம் வீணாகும் என்பதனால், செயலி தனக்குள்ளே ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொள்கின்றது. இன்ரெல் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்கைலேக் வகைச் செயலியில், கட்டளைகளுக்கான குறிப்பேட்டிலே சிறுபக்கங்களுக்கு 128 வரிகள் உண்டு. அவை முழுவதும் நிரம்பினாலும் 512 கிலோபைட் அளவுள்ள கட்டளைகளையே காட்டும். பெரும்பக்கங்களுக்கு உரியவை 8 வரிகளே. ஆயினும் அவ்வெட்டும் 16 மெகாபைட்டைக் காட்டிவிடும். பெரும்பக்கத்தின் அருமை இவ்வொரு கணக்கிலேயே விளங்கும்.

அவ்வாறாயின் யாவற்றையும் பெரும்பக்கங்களிலேயே வைத்துவிடலாகாதா? இங்கேதான் காவல் என்னும் பிரச்சினை குறுக்கிடுகின்றது.

1988ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ரொபர்ட் மொறிஸ் என்னும் அமெரிக்க மாணவர் எழுதிய நிரலொன்று கணினி வலையமைப்பிற் பரவிப் பெருந்தொல்லை விளைத்தது. அது கையாண்ட வழிகளுள் ஒன்று பின்வருமாறு: எழுத்துகளைப் பெறுவதற்கென ஒதுக்கப்பட்ட இடத்திலே அளவுக்கு மிஞ்சிய எழுத்துகளை நிரப்பி, அவற்றுக்குள்ளே தன் கட்டளைகளை மறைத்து, அவற்றையே இயந்திரம் நிறைவேற்றும்படி செய்தது. எழுதக்கூடிய இடமே இயக்கக்கூடிய இடமாகவும் இருந்தமையே அதற்கு வழிவிட்டது. இவ்வனுபவங்களிலிருந்து ஒரு விதி பிறந்தது: எழுதத்தக்க பக்கம் இயங்கலாகாது, இயங்கத்தக்க பக்கம் எழுதப்படலாகாது. பற்றுச்சீட்டை எழுதுபவரும் பணத்தைக் கொடுப்பவரும் ஒருவராக இருத்தலாகாது என்று எக்கணக்குப் பரிசோதகரும் கூறுவாரல்லவா? இவ்விதியும் அத்தகையதே.

இவ்விதியை மிகக் கண்டிப்பாகக் காக்க வேண்டிய இடம் இயக்க முறைமையின் கருப்பகுதி. ‘கேர்னல்’ என்று வழங்கப்படும் இப்பகுதிக்குக் கணினியில் அடையமுடியாத மூலை எதுவுமில்லை. அங்கே ஒருவன் தன் கட்டளையைப் புகுத்திவிட்டால் மற்றைக் காவல்கள் யாவும் பயனற்றுப் போகும். 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல், உலகின் முதல் ஐந்நூறு மீக்கணினிகளின் பட்டியலிலுள்ள யாவும் லினக்ஸ் கேர்னலிலேயே இயங்குகின்றன. ஆண்ட்ராய்ட் கைபேசிகளின் உள்ளே இருப்பதும் அதுவே. ஆகவே தோட்டத்து லயத்திலிருந்து வெளிநாட்டிலுள்ள மகனுடன் பேசும் தாயும் அறிந்தோ அறியாமலோ இதனைச் சார்ந்தே இருக்கிறார்.

லினக்ஸ் கேர்னலின் மூலக் கட்டளைகள் தொடக்கத்திலேயே பெரும்பக்கங்களில் ஒழுங்காக அமைந்துவிடும். ஆயின், இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதிய கட்டளைகளும் வந்து சேர்கின்றன. ஒரு கருவியைப் பொருத்தினால் அதற்குரிய மொடியூல் என்னும் சேர்க்கைக்கூறு உள்ளே வருகின்றது. வலையமைப்புப் பொதிகளைச் சோதிக்கும் சிறுநிரல்கள் அவ்வப்போது ஆக்கப்படுகின்றன. 2004ஆம் ஆண்டில் லினக்ஸிற் சேர்க்கப்பட்ட ‘கேப்ரோப்ஸ்’ என்னும் ஆய்வு முறையும் இத்தகையதே, ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்தியப் பொறியாளர்களான ஆனந்த் மாவினகாயனஹள்ளி, பிரசன்னா பஞ்சமுகி ஆகியோர் அதன் வளர்ச்சியிற் பெரும் பங்கு கொண்டவர்கள். ஓடும் கேர்னலை நிறுத்தாமலே அதன் பெரும்பாலான இடங்களில் ஒரு சோதனைக் கட்டளையைச் செருகிப் பார்க்க அது உதவுகின்றது.

இவ்வாறு வரும் சிறு கட்டளைத் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சிறுபக்கங்கள் ஒதுக்கப்பட்டு வந்தன. எழுதி முடித்தபின் அவற்றுக்கு எழுத்துத் தடை விதிக்கப்படும். ஆனால் கேர்னல் நினைவகம் முழுவதையும் தன் பயனுக்காகப் பெரும்பக்கங்களில் மற்றொரு முறையும் பதிந்து வைத்திருக்கின்றது. ஒரே சரக்கு இரு பதிவேடுகளில் இருப்பதனால், ஒன்றில் விதித்த தடையை மற்றதிலும் விதித்தாக வேண்டும். பெருவண்டியிலுள்ள ஒரு பெட்டிக்கு மட்டும் வேறு முத்திரை இடவேண்டுமானால், வண்டி முழுவதையும் கலைத்துச் சிறுவண்டிகளில் ஏற்றுவது போல, 2 மெகாபைட் பக்கமொன்று 512 துண்டுகளாக உடைக்கப்படும். நாட்கள் செல்லச் செல்ல இவ்வுடைவுகள் பெருகும். இலிகிதரின் குறிப்பேடு போதாமற் போகும். இயந்திரம் முழுவதுமே தளர்வுறும். காவலுக்காகக் கொடுக்கும் விலை இது.

இவ்விலையைக் குறைக்கும் முயற்சிகள் படிப்படியாக நிகழ்ந்தன. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த 5.18ஆம் பதிப்பில், சோங் லியு என்னும் பொறியாளரின் முயற்சியால், வலையமைப்புச் சிறுநிரல்கள் பலவற்றை ஒரே பெரிய இடத்தில் அடுக்கும் முறை வந்தது. 2024ஆம் ஆண்டின் 6.10ஆம் பதிப்பில், மைக் ராபபோர்ட் என்பாரின் உழைப்பால், இயங்கும் நினைவகத்தைப் பங்கிடும் பொறுப்பு முழுவதும் ஒரே பிரிவின்கீழ்க் கொணரப்பட்டது. அதன்மேல் எழுந்த திட்டம் எளிமையானது. முதலில் ஒரு பெரும்பக்கம் பெறப்படும். அது பொறிக் கட்டளைகளால் நிரப்பப்படும். தவறி அங்கே அடிவைக்கும் செயலி உடனே பிடிபடும். பின்னர் அப்பக்கம் முழுவதற்கும் ஒரேயடியாக எழுத்துத் தடை விதிக்கப்படும். வரும் கட்டளைத் துண்டுகளுக்கு அதிலிருந்து இடம் பகிர்ந்தளிக்கப்படும்.

எழுத்துத் தடையுள்ள இடத்திலே புதிய கட்டளையை எழுதுவது எங்ஙனம் என்ற ஐயம் எழலாம். 2019ஆம் ஆண்டு முதல் இதற்கு ஒரு வழி உண்டு. எழுதும் செயலிக்கு மட்டும், எழுதும் நேரத்துக்கு மட்டும், தற்காலிகமான தனி வாயில் ஒன்று திறக்கப்படும். ஏனைய செயலிகளின் கண்ணுக்கு அது புலப்படாது. ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை மாற்றும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. பாதையைத் திருத்தும் தொழிலாளர் முதலிற் சிவப்புக் கொடியை நாட்டுவது போல, முதற் பைட்டில் நிறுத்தக் கட்டளை வைக்கப்படும். அதன்பின் மீதிப் பகுதி மாற்றப்படும். கடைசியாகவே முதற் பைட் எழுதப்படும். அப்போதுதான் கொடி அகலும்.

பெரும்பக்கத் திட்டத்தை மொடியூல்களுக்கும் விரிக்கும் முயற்சி 6.13ஆம் பதிப்புக்கென மேற்கொள்ளப்பட்டது. அங்கே ஓர் இடையூறு நேர்ந்தது. மொடியூலின் கட்டளைகள் தனியான ஒரு படியில் எழுதப்பட்டுப் பின்னர் உரிய இடத்துக்கு மாற்றப்பட்டன. ஆயின், கட்டளைகள் தவறான இடத்துக்குத் தாவாமற் காக்கும் வேறொரு காவல் முறை, அந்தப் படியைச் சரிவரக் கையாளாமையால், இயந்திரம் நிலைகுலைந்தது. 2025ஆம் ஆண்டு சனவரியில், பதிப்பு வெளிவருவதற்குச் சற்று முன்னர், அவ்வசதி நிறுத்தப்பட்டது. ஒரு காவலை விரைவாக்கப் போய் மற்றொரு காவலைக் குலைத்தலாகாது என்பதை உணர்ந்து பின்வாங்கியமை பாராட்டுக்குரியதே. அவ்வாண்டிலேயே அது திருத்தியமைக்கப்பட்டு மீண்டும் சேர்க்கப்பட்டது. புதிய ஏற்பாட்டில், மொடியூல் எழுதப்படும்போது அதன் பகுதி எழுதத்தக்கதாக, ஆனால் இயங்காததாக, மாற்றப்படுகின்றது. முடிந்ததும் பழைய தடை திரும்பும். இடையில் உடைந்த சிறுபக்கங்களை மீண்டும் ஒரு பெரும்பக்கமாகச் சேர்க்கவும் வழி செய்யப்பட்டது.

இவ்வரலாற்றில் நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. காவலும் வேகமும் பகைகள் என்று எண்ணி, ஒன்றுக்காக மற்றதைக் கைவிடுவது எளிது. இரண்டையும் காக்க விரும்புவோர் சரக்கை எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். ஒரே முத்திரை பெறவேண்டிய பெட்டிகளைத் தொடக்கத்திலேயே ஒரே வண்டியில் ஏற்றினால், வழியில் அவ்வண்டியை உடைக்க நேராது. நானுஓயா மேடையிலே தேயிலைப் பெட்டிகளைத் தோளிற் சுமந்து வண்டி மாற்றிய தொழிலாளர்கள், தேவையற்ற ஒரு மாற்றத்துக்கு எத்துணை உழைப்புச் செலவாகும் என்பதை நன்கு அறிந்திருப்பர்.