கார்டு கடனா? முதலில் வீட்டுக் கணக்கு, பிறகு வங்கிக் கணக்கு

கம்போங் ராஜா வட்டாரத்தில் கடன் புதிதல்ல. புளூ வேலி தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு மளிகைக் கடையின் பற்று நோட்டு நன்றாகத் தெரியும். சம்பளத்தன்று பாதியைக் கட்டிவிட்டு, மீதியை அடுத்த மாதத்தில் எழுதச் சொல்வார்கள். கடைக்காரருக்கும் நம் வீட்டு நிலவரம் தெரியும். எந்த மாதம் கொழுந்து குறைவு, யார் வீட்டில் பிரசவம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

கிரெடிட் கார்டு கொடுத்த வங்கிக்கு இதெல்லாம் தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும். ஆனால், நம்மில் பலர் வாயைத் திறப்பதே இல்லை. கட்ட முடியாத மாதம் வந்ததும் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிடுகிறோம்.

என் தம்பியும் அப்படித்தான் செய்தான். அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். கம்போங் ராஜாவிலிருந்து கோலாலம்பூர் மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் அவன். சம்பளம் 2,800 ரிங்கிட். இரண்டு வங்கிகளின் கார்டுகள் வைத்திருந்தான். ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் உள்ளவர்கள் இரண்டு வங்கிகளின் கார்டுகளை மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொன்றின் வரம்பும் மாதச் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது என்பது 2011 முதல் உள்ள விதி. ஆக, ஒரு கார்டுக்கு 5,600 ரிங்கிட். இரண்டாவது குழந்தையின் பிரசவம், கார் கியர்பாக்ஸ் பழுது, லாரி நடை குறைந்தது என மூன்றும் ஒரே ஆண்டில் சேர்ந்துகொண்டன. நான்கு மாதம் கட்டாமல் விட்டதில் ஒரு கார்டில் 5,900, மற்றதில் 5,100, மொத்தம் 11,000 ரிங்கிட் நின்றது.

வங்கிக் கடிதங்கள் எல்லாம் தோட்டத்தில் இருக்கும் அம்மா வீட்டு முகவரிக்குத்தான் போயின. அம்மாவுக்கு அந்தக் கடிதங்களைப் படிக்கத் தெரியாது. பிரிக்காமல் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். கடன் வசூலிக்கும் ஆள் அம்மாவின் கைப்பேசிக்கே அழைத்து, "உங்கள் மகனைத் திவாலாக்கிவிடுவோம்" என்று சொன்ன பிறகுதான் விஷயம் ஈப்போவில் இருக்கும் என் காதுக்கு வந்தது.

சும்மா இருந்தால் எவ்வளவு ஏறும்?

முதலில் கணக்கைப் பார்த்தோம். ஒழுங்காகக் கட்டி வருபவருக்குக் கார்டு வட்டி ஆண்டுக்கு 15 விழுக்காடு. தவறினால் 17, அதையும் தாண்டினால் 18. தம்பிக்கு 18 விழுக்காடு, அதாவது மாதம் ஒன்றரை விழுக்காடு. 11,000 ரிங்கிட்டுக்கு மாத வட்டி மட்டும் 165 ரிங்கிட். தாமதக் கட்டணம் நிலுவையில் 1 விழுக்காடு. குறைந்தது 10, அதிகபட்சம் 100 ரிங்கிட். இரண்டு கார்டுக்கும் சேர்த்து 110. ஆக, ஒன்றும் வாங்காமல், ஒன்றும் கட்டாமல் இருந்தாலே மாதம் 275 ரிங்கிட் ஏறுகிறது.

குறைந்தபட்சத் தொகையாவது கட்டலாமே என்றால், அது நிலுவையில் 5 விழுக்காடு. தம்பி மாதம் 550 ரிங்கிட் கட்ட வேண்டும். அவனால் முடியுமா?

ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். சேமநிதி, சொக்சோ பிடித்தம் போகக் கைக்கு வருவது 2,450. என் நாத்தனார் பூப் பண்ணையில் பகுதி நேரமாகப் பூக் கட்டி வாங்குவது 200. வீட்டு வாடகை 450, கார் தவணை 480, சாப்பாடு 850, பிள்ளைகளின் பால், பள்ளிச் செலவு 260, பெட்ரோல் 140, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி 120. எல்லாம் போக மிச்சம் 350. திடீர்ச் செலவுக்கென்று 50 ஒதுக்கினால் 300 ரிங்கிட்.

அந்த 300 தான் எங்கள் பேச்சுவார்த்தைக்கு அடிப்படை. அதற்கு முன் வசூல் ஆளிடம் தம்பி இரண்டு முறை "மாதம் 500 கட்டிடுறேன்" என்று சொல்லி, இரண்டு முறையும் தவறியிருந்தான். தொலைபேசியில் பயந்து ஒப்புக்கொள்ளும் தொகை அப்படித்தான் முடியும்.

"வெள்ளிக்கிழமைக்குள் 9,000"

அடுத்த அழைப்பை நானே எடுக்கச் சொன்னேன். தம்பி பக்கத்தில் இருந்து, நான் பேசச் சம்மதம் என்று சொன்னான். "வெள்ளிக்கிழமைக்குள் 9,000 கட்டினால் இரண்டையும் முடித்துவிடலாம்" என்றது மறுமுனை. இரண்டாயிரம் தள்ளுபடி! கேட்க நன்றாகத்தான் இருந்தது. "வங்கியின் கடிதத் தாளில் அனுப்புங்கள்" என்றேன். "முதலில் பணத்தைக் கட்டுங்கள், கடிதம் பிறகு வரும்" என்று பதில். இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கடனை ஒரே ஆள் வாய்மொழியாக எப்படி முடிப்பார்? அத்துடன் அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அம்மா சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதை வச்சுக் கட்டிருங்கம்மா. ஆள் வீட்டுக்கு வந்தா மானம் போயிரும்." ஈப்போவில் ஓர் அடகுக் கடையில் கேட்டேன். மாதம் 2 விழுக்காடு என்றார்கள். அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காடு. கார்டு வட்டி 18 தான். 9,000 ரிங்கிட்டை அடகில் எடுத்தால் மாதம் 180 ரிங்கிட் வட்டிக்கே போகும். மீட்க முடியாவிட்டால் நகையும் போகும். தள்ளுபடியில் மிஞ்சும் 2,000 ஓர் ஆண்டுக்குள் வட்டியிலேயே கரைந்துவிடும்.

தம்பியின் நண்பர்கள் வேறு இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, ஆ லோங். வாரக் கணக்கில் வட்டி வாங்கும் அந்த வழியைப் பற்றிப் பேசவே வேண்டாம். மற்றது, கூட்டு. நம் ஊரில் பலரும் கட்டும் இந்தக் கூட்டுக்கு 1971-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. பணம் எடுத்தவர் ஓடிவிட்டால் எங்கும் முறையிட முடியாது.

ஒரே தொகையில் முடிக்கும் தள்ளுபடியை நான் குறை சொல்லவில்லை. கையில் உண்மையிலேயே உபரிப் பணம் இருப்பவருக்கு அது நல்ல வழி. வங்கிகளும் சில வேளைகளில் ஒப்புக்கொள்கின்றன; ஆனால், அது அவர்களின் விருப்பம், நம் உரிமையல்ல. இன்னொரு கடன் வாங்கி அந்தத் தள்ளுபடியைப் பிடிக்கப் போனால், கடன்காரர் மட்டும்தான் மாறுவார்.

மிரட்டலும் சட்டமும்

"திவால்" என்ற சொல்லுக்கே அம்மா நடுங்கிப் போயிருந்தார். இன்றைய சட்டப்படி ஒருவருக்கு எதிராகத் திவால் மனு போடக் கடன் குறைந்தது 100,000 ரிங்கிட் இருக்க வேண்டும். முன்பு 30,000 ஆக இருந்தது. 2017-இல் 50,000 ஆனது. கோவிட் காலத்தில் 100,000 ஆக உயர்ந்தது. 11,000 ரிங்கிட் கடனுக்கு அந்த மிரட்டல் செல்லாது. கார்டு கடன் சிவில் விவகாரம். கட்ட முடியாததற்காகப் போலீஸ் வந்து கைது செய்யாது.

அதற்காக அலட்சியமாகவும் இருக்க முடியாது. வங்கி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். சம்மன் கிடைத்த 14 நாளுக்குள் பதில் நடவடிக்கை எடுக்காவிட்டால், நாம் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும். ஆகவே, சாமிப் படத்துக்குப் பின்னால் கடிதம் இருக்கக்கூடாது. பிரித்துப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாத பெற்றோர் வீட்டு முகவரியை வங்கியில் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

"ஆறு வருஷம் ஒளிஞ்சிருந்தா கடன் காலாவதியாயிருமாமே அக்கா?" என்று தம்பி கேட்டான். 1953-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தில் ஆறு ஆண்டு உண்டுதான். ஆனால், இடையில் கொஞ்சம் பணம் கட்டினாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ அந்த ஆறு ஆண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்குள் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கிவிட்டால், அதை நிறைவேற்றக் கேட்க 12 ஆண்டு அவகாசம். பிள்ளைகளை வளர்க்கும் வயதில் இப்படி ஒளிந்து வாழ முடியாது.

அம்மாவிடம் பேசியதும் தவறு. ஒருவரின் வங்கி விவரத்தை அவர் அனுமதியின்றி மற்றவரிடம் வெளியிடுவதை 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம் தடுக்கிறது. தாயாராக இருந்தாலும் சரி. அழைப்பு வந்த தேதி, நேரம், சொன்ன வார்த்தைகளை எழுதி வங்கிக்குப் புகார் அனுப்பினோம். அதற்குப் பிறகு அம்மாவுக்கு அழைப்பு வரவில்லை. வங்கி கேட்காவிட்டால் பேங்க் நெகாராவின் பி.என்.எம். லிங்க் பிரிவில் முறையிடலாம். 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பயனீட்டாளர் கடன் சட்டம், கடன் வசூல் நிறுவனங்களையும் கண்காணிப்புக்குள் கொண்டுவருகிறது.

ஈப்போவில் ஓர் அலுவலகம்

பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனம்தான் ஏ.கே.பி.கே. சேவை முழுக்க இலவசம். "உங்கள் கடனைக் குறைத்துத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்பவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் ஈப்போ. தம்பி ஒரு நாள் விடுப்பு எடுத்து வந்தான். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, கார்டு அறிக்கைகள், வீட்டு பில்கள் எல்லாம் ஒரு கோப்பில். நாங்கள் எழுதி வைத்திருந்த வீட்டுக் கணக்கையே ஆலோசகரும் வரி வரியாகக் கேட்டார். செலவு போக மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் அவர்களின் கடன் நிர்வாகத் திட்டம் பொருந்தும். மிச்சமே இல்லாவிட்டால் முதலில் வருமானத்தையும் செலவையும் சரிசெய்யச் சொல்வார்கள்.

ஏ.கே.பி.கே. இரண்டு வங்கிகளுக்கும் திட்டத்தை அனுப்பியது. இரண்டும் ஒப்புக்கொண்டன. மாதம் 280 ரிங்கிட், 48 மாதம். மொத்தம் 13,440. தள்ளுபடி எதுவும் இல்லை. 2,440 ரிங்கிட் கூடுதலாகவே கட்டுகிறான். ஆனால், வட்டி குறைந்தது, தாமதக் கட்டணம் ஏறுவது நின்றது, வசூல் அழைப்பும் நின்றது.

இதற்கு விலையும் உண்டு. இரண்டு கார்டும் ரத்து. திட்டம் முடியும்வரை புதுக் கடன் கிடையாது. வங்கிகள் பார்க்கும் சி.சி.ரிஸ் அறிக்கையில் இது தெரியும். வீட்டுக் கடன் எடுக்கும் எண்ணத்தைத் தம்பி நான்கு ஆண்டு தள்ளி வைத்திருக்கிறான். அதை மறைத்துச் சொல்வது நியாயமல்ல.

பேசப் போகும் முன்

தவணையோ, தள்ளுபடியோ, எந்த ஏற்பாடாக இருந்தாலும் சில விஷயங்களை மறக்காதீர்கள்.

ஒன்று, ஒரு தவணை தவறப் போகிறது என்று தெரிந்த உடனே வங்கியை அழையுங்கள். நான்கு மாதம் கழித்துப் பேசுவதைவிட அப்போது வழிகள் அதிகம்.

இரண்டு, தொகையை நீங்கள் சொல்லுங்கள். வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவதற்கு மேல் ஒரு ரிங்கிட்கூட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மூன்று, கடிதம் இல்லாமல் கட்டாதீர்கள். அதில் கணக்கு எண், கட்ட வேண்டிய தொகை, தேதி ஆகியவை இருக்க வேண்டும். தள்ளுபடி என்றால், இந்தத் தொகையோடு கடன் முழுமையாக முடிகிறது, மீதி கேட்கப்படாது என்ற வரி கட்டாயம் வேண்டும். ஒரு தவணை தவறினால் தள்ளுபடி ரத்தாகுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு, பணத்தை உங்கள் கார்டு கணக்கில் மட்டுமே கட்டுங்கள்; தனிநபர் கணக்கில் வேண்டாம்.

ஐந்து, முடிந்ததும் கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சில மாதம் கழித்து சி.சி.ரிஸ் அறிக்கையிலும் சரிபாருங்கள்.

தம்பி 11 தவணை கட்டிவிட்டான். இன்னும் 37 இருக்கிறது. அம்மாவின் சங்கிலி அவர் கழுத்திலேயே இருக்கிறது. இப்போதெல்லாம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் அவன் எடுத்துப் பேசுகிறான். பெரும்பாலும் காப்புறுதி விற்பவர்கள்தான்.