ஒரே வாணலி, வெவ்வேறு தட்டுகள்: வீட்டில் காளான் பூண்டு பாஸ்தா

மருந்துகளைப் பற்றிய ஐயங்கள் தீர்ந்து, நோயாளியும் உடன் வந்தவரும் எழுந்து புறப்படும் வேளையில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் உணவைப் பற்றியனவாகவே இருக்கின்றன. அவற்றுள் ஒன்று அண்மைக் காலமாக அடிக்கடி வருகிறது: "பிள்ளைகளுக்காக வீட்டில் பாஸ்தா செய்கிறோம், அவருக்கும் கொடுக்கலாமா?"

"கூடாது" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவது எளிது. அந்த ஒரு சொல்லின் விளைவையும் நாங்கள் பின்னர் காண்கிறோம். குடும்பத்தார் சேர்ந்து உண்ணும்போது நோயாளி மட்டும் தனித்தட்டில் கஞ்சியோடு அமர்கிறார். சிலர் உணவின்மேல் வெறுப்புற்று எடை குறைகின்றனர். சிலர் பிறர் அறியாமல் உண்டுவிட்டு, சர்க்கரை ஏன் ஏறியது என்பதைச் சொல்லத் தயங்குகின்றனர். சமைப்பவருக்கோ நாள்தோறும் இரட்டைச் சமையல்.

பாலும் காளானும் பூண்டும் சேர்ந்து குழைவாக அமையும் பாஸ்தாவில் அறவே விலக்க வேண்டிய பொருள் எதுவும் பெரும்பாலான நோயாளிகளுக்கு இல்லை. அளவும் செய்முறையுமே வேறுபட வேண்டும். எனவே எல்லோருக்கும் ஒரே வாணலியில் சமைத்து, ஒவ்வொருவர் தட்டையும் அவரவர் நோய்க்கேற்ப மாற்றிக்கொள்ளும் முறையை இங்கு விளக்குகிறோம்.

பாஸ்தா: பதமும் அளவும்

நல்ல பாஸ்தா, டியூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையால் செய்யப்படுவது. உலர்ந்த பாஸ்தா 100 கிராமில் ஏறத்தாழ 72 கிராம் மாவுச்சத்தும் 12 கிராம் புரதமும் உள்ளன. மாவைப் பிசைந்து அழுத்தி உருவாக்குவதால், மாவுச்சத்துத் துகள்கள் புரத வலைக்குள் இறுக அடைபட்டுக் கிடக்கின்றன. செரிமான நொதிகள் அவற்றை மெல்லவே சென்றடைகின்றன. இதனால், அதே அளவு மாவுச்சத்துள்ள வெள்ளை ரொட்டியைவிடப் பாஸ்தா இரத்தச் சர்க்கரையைச் சற்று மெதுவாகவே உயர்த்துகிறது.

பாஸ்தா குழைந்துவிட்டால் இந்த நன்மை குறையும். இத்தாலியர் அல் தெந்தே என்று சொல்லும் பதம், கடிக்கும்போது நடுவில் சிறிது உறுதி பல்லுக்குத் தட்டுப்படும் பதமாகும். சர்க்கரை நோயாளிக்கு ஏற்றது இதுவே.

பதம் சரியாக இருப்பதனால் அளவை மறந்துவிடக் கூடாது. ஒருவருக்கு உலர்ந்த நிலையில் 50 கிராம் போதும். வேகும்போது பாஸ்தா நீரை உறிஞ்சி எடை இரு மடங்குக்கு மேலாகும் என்பதால், வேகவைக்கும் முன்பே நிறுத்து எடுத்துக்கொள்வது நல்லது.

காளான்: சுவையும் எச்சரிக்கையும்

மொட்டுக் காளானில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே. 100 கிராமில் 22 கலோரி அளவே ஆற்றலும், 3 கிராம் புரதமும் உண்டு. இயற்கையாக அமைந்த குளூட்டமேட் இதற்கு ஆழ்ந்த சுவையைத் தருகிறது. காளான் மிகுதியாகச் சேர்ந்தால் உப்பைக் குறைத்தாலும் உணவு சப்பென்று இராது. இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்களுக்கு இது பெரிதும் உதவும்.

காளான் புற்றுநோயைக் குணமாக்கும் என்று கைப்பேசியில் பரவும் செய்திகளை நம்பி எவரும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். காளான் உணவு; மருந்தன்று.

மழைக்காலத்தில் தோட்டத்திலும் காட்டிலும் முளைக்கும் காளான்களைப் பறித்துச் சமைக்க வேண்டா. அவற்றுள் சிலவற்றின் நஞ்சு கல்லீரலை அழிக்கக்கூடியது. எவ்வளவு வேகவைத்தாலும் அது நீங்காது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் பல மணி நேரம் கழித்தே தொடங்கும். பின்னர் நலமடைந்ததுபோல் தோன்றி, அதன்பின் கல்லீரல் செயலிழக்கக்கூடும். அத்தகைய காளானை உண்டுவிட்டோமோ என்ற ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். மீந்த காளான் இருந்தால் உடன் எடுத்து வாருங்கள்.

பூண்டு: சமையலுக்கு நன்று, எண்ணெய்ப் புட்டிக்கு அன்று

பூண்டை நறுக்கும்போதோ நசுக்கும்போதோதான் அதன் காரமணம் உருவாகிறது. மிதமான சூட்டில் வதக்கினால் அது இனிமையாக மாறும்; கருகினால் கசக்கும். சமையலில் சேரும் சில பற்களால் இரத்தம் உறையாமைக்கான மருந்து உண்போருக்குப் பொதுவாகத் தீங்கில்லை. பூண்டு மாத்திரைகளின் நிலை வேறு; அவை இரத்தக்கசிவை மிகுவிக்கக்கூடும். அவற்றை உட்கொள்வோர் மருத்துவரிடம், குறிப்பாக அறுவை சிகிச்சைக்கு முன்னர், கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து அடுப்படியில் நாள்கணக்கில் வைத்திருக்கும் பழக்கத்தைத் தவிருங்கள். எண்ணெய்க்கு அடியில் காற்றுப் புகாத நிலையில், மண்ணிலிருந்து பூண்டோடு வந்த கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரி நஞ்சை உண்டாக்கக்கூடும். 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தின் பூண்டு எண்ணெயால் பலர் இந்நஞ்சுக்கு ஆளாயினர். பூண்டைச் சமைக்கும்போதே நறுக்குங்கள்.

கிரீமுக்குப் பதிலாகப் பால்

கடைகளில் கிடைக்கும் கிரீமில் பொதுவாக 25 விழுக்காடு கொழுப்பு உண்டு. நால்வருக்கு 200 மில்லி சேர்த்தால் ஒருவர் தட்டில் 12 கிராமுக்கு மேல் கொழுப்பு சேரும். அதில் பெரும்பகுதி, கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தும் நிறைவுற்ற கொழுப்பாகும். பாலையும் சிறிது மாவையும் கொண்டே அதே குழைவைப் பெறலாம். பாஸ்தா வெந்த நீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்தும் இதற்குத் துணை செய்யும்.

தேவையான பொருள்கள் (நால்வருக்கு)

உலர்ந்த பாஸ்தா – 200 கிராம்
மொட்டுக் காளான் – 400 கிராம்
பூண்டு – 8 முதல் 10 பல்
சமையல் எண்ணெய் – 4 தேக்கரண்டி
கோதுமை மாவு அல்லது மைதா – 2 மேசைக்கரண்டி
கொழுப்புக் குறைந்த பால் – 400 மில்லி
உப்பு – அரைத் தேக்கரண்டி
மிளகுத்தூள் – 1 தேக்கரண்டி
எலுமிச்சைச் சாறு – 1 தேக்கரண்டி
நறுக்கிய கொத்தமல்லித்தழை – ஒரு கைப்பிடி

செய்முறை

1. காளானைச் சமைப்பதற்குச் சற்று முன்னர் ஓடும் நீரில் விரைவாகக் கழுவி, துணியால் ஒற்றித் துடைத்து, சற்றுத் தடிமனாக நறுக்குங்கள். பிசுபிசுப்பாகவோ நாற்றத்துடனோ இருப்பவற்றை எறிந்துவிடுங்கள்.

2. இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்கவிட்டுப் பாஸ்தாவைப் போடுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் உப்பிடுவது இத்தாலிய வழக்கம். அதில் ஒரு பகுதி பாஸ்தாவுக்குள் ஏறிவிடும். நாம் இந்நீரில் உப்பிட வேண்டா. பொட்டலத்தில் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாக வடித்துவிடுங்கள். வடித்த நீரில் ஒரு குவளை எடுத்து வையுங்கள்.

3. அகன்ற வாணலியில் பாதி எண்ணெயைக் காயவைத்து, காளானை இரண்டு தவணையாக வதக்குங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் நீர் விட்டு வேகுமே தவிரச் சிவக்காது. நீர் முழுதும் வற்றி ஓரங்கள் பொன்னிறமானதும் எடுத்து வையுங்கள். சுவையின் பெரும்பகுதி இங்கேதான் உருவாகிறது, அவசரம் வேண்டா.

4. அடுப்பைத் தணித்து, மீதி எண்ணெயில் நறுக்கிய பூண்டை மணம் வரும் வரை, ஏறத்தாழ ஒரு நிமிடம், வதக்குங்கள். மாவைத் தூவி, பச்சை வாசனை போகும்வரை கிளறுங்கள்.

5. பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கலக்குங்கள். கொதித்துக் கரண்டியின் பின்புறத்தில் படியும் பதம் வந்ததும் காளான், மிளகு, உப்பு ஆகியவற்றைச் சேருங்கள்.

6. பாஸ்தாவைப் போட்டு ஒரு நிமிடம் புரட்டுங்கள். இறுகினால் எடுத்து வைத்த நீரைத் தெளியுங்கள். அடுப்பை அணைத்த பின் எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லியும் சேருங்கள். எலுமிச்சையின் புளிப்பு, உப்பின் குறை தெரியாமல் செய்யும்.

இவ்வாறு செய்த ஒரு பங்கில் ஏறத்தாழ 45 முதல் 50 கிராம் மாவுச்சத்தும், 12 கிராம் புரதமும், 9 கிராம் கொழுப்பும் இருக்கும். உப்பு ஒரு கிராமுக்குக் குறைவு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

யார் தட்டில் என்ன மாற்றம்?

*சர்க்கரை நோய்:* முதலில் ஒரு கிண்ணம் காய்கறியோ சுண்டலோ உண்டு, பின்னர் ஒரு பங்கு பாஸ்தா எடுத்துக்கொள்ளலாம். அவ்வேளையில் சோறோ ரொட்டியோ வேண்டா. கிரீமும் சீஸும் மிகுந்த பாஸ்தாவை வெளியில் உண்ண நேர்ந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கொழுப்பு இரைப்பையை மெதுவாகக் காலியாக்குவதால், சர்க்கரை வழக்கத்தைவிடத் தாமதமாக உயரும். இன்சுலின் போட்டுக்கொள்வோர், உண்டு சில மணி நேரம் கழித்தும் ஒருமுறை பரிசோதிப்பது நல்லது.

*இதய நோய், இரத்த அழுத்தம்:* மேலே சொன்ன முறையே போதுமானது. சீஸ் துருவல் தூவ வேண்டா. அதில் உப்பும் நிறைவுற்ற கொழுப்பும் அதிகம்.

*எடை குறைந்து வருவோர்:* புற்றுநோய்ச் சிகிச்சையிலோ நீண்ட காய்ச்சலிலோ மெலிந்தவருக்குக் கணக்கு நேர்மாறானது. அவருடைய தட்டில் மட்டும் இரண்டு மேசைக்கரண்டி கிரீமும், உதிர்த்த பன்னீர் 50 கிராமும் சேருங்கள். பன்னீரிலிருந்து மட்டும் ஏறத்தாழ 9 கிராம் புரதம் கிடைக்கும். சிறு கிண்ணத்தில் கொடுத்து, விரும்பினால் மீண்டும் கொடுங்கள். இதய நோயாளிக்கு விலக்கிய கிரீம் இவருக்குத் துணையாகிறது. அவருக்குச் சொன்ன பத்தியத்தை அன்பின் பெயரால் இவர்மேல் சுமத்திவிடாதீர்கள்.

*நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர்:* கீமோதெரபி பெறுவோரும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும் பச்சைக் காளானை உண்ணக் கூடாது. நன்கு வெந்த உணவைச் சூடாறும் முன் உண்ண வேண்டும். கொத்தமல்லியை அடுப்பில் இருக்கும்போதே சேர்த்துக் கொதிக்கவிடுங்கள்.

*சிறுநீரக நோய்:* காளானில் பொட்டாசியமும், பாலில் பொட்டாசியமும் பாஸ்பரசும் உண்டு. இவர்களுக்கு உரிய பங்கில் காளானைக் குறைத்து, அதை முதலில் நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். பாலின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பாஸ்தா வெந்த நீரைச் சேர்க்கலாம். டயாலிசிஸ் செய்துகொள்வோர் தட்டிலுள்ள பாலையும் அன்றைய நீர் அளவில் கணக்கிட வேண்டும். அண்மைப் பரிசோதனை முடிவுகளைக் காட்டி, உணவியல் நிபுணரிடம் அளவு கேட்டறிந்த பின்னரே உண்ணுங்கள்.

*சீலியாக் நோய்:* கோதுமை சிறிதும் ஆகாது. அரிசி நூடுல்ஸும், மாவுக்குப் பதில் சோள மாவும் கொண்டு, தனிப் பாத்திரத்தில் தனிக் கரண்டியால் சமைக்க வேண்டும். ஒரே வாணலி என்ற நம் விதி பொருந்தாத நோய் இது.

*எரிச்சல் குடல் நோய்:* கோதுமை, பூண்டு, காளான் மூன்றுமே வயிற்று உப்புசத்தை உண்டாக்கக்கூடியவை. தொந்தரவு மிகுந்த நாள்களில் தவிர்த்துவிடுங்கள்.

*பக்கவாதத்துக்குப் பின் விழுங்குதல் கடினமானோர்:* வழுக்கும் காளான் துண்டும் நீர்த்த குழம்பும் மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடும். விழுங்குதிறன் பரிசோதிக்கப்படும்வரை கொடுக்காதீர்கள். "ஒரு வாய்தானே" என்ற பரிவு நிமோனியாவில் முடிவதுண்டு.

மீந்த உணவை என்ன செய்வது?

சமைத்த பாஸ்தாவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். நம் ஊர்க் கோடையில் இன்னும் விரைவாகக் குளிர்பெட்டிக்குள் வைப்பது நல்லது. மாவுச்சத்து உணவில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரி உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. 2008இல் பெல்ஜியத்தில், பல நாள் வெளியில் கிடந்த பாஸ்தாவைச் சூடாக்கி உண்ட இளைஞர் ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் ஒருமுறை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்கி உண்ணுங்கள். எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கு மீந்த உணவைக் கொடுக்க வேண்டா.

முதன்முறை சமைக்கும் நாளில், நோயாளி உண்ட அளவையும், உண்பதற்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்த சர்க்கரை அளவையும் ஒரு தாளில் குறித்து, அடுத்த வருகையின்போது கொண்டு வாருங்கள். அந்தக் குறிப்பு கையில் இருந்தால், "கொடுக்கலாமா?" என்ற கேள்விக்கு உங்கள் வீட்டு நோயாளிக்கே உரிய விடையை எங்களால் தர இயலும்.