சிறிய எழுத்துக்குள் அடங்காத பெயர்: பர்னா பாயின் இசைப் பயணம்

2024 பிப்ரவரி 4, லாஸ் ஏஞ்சலஸ். உலக இசைத் தொகுப்புக்கான கிராமி விருதை 'சக்தி' குழு வென்றபோது, சங்கர் மகாதேவனையும் கஞ்சிரா செல்வகணேஷையும் நாம் கொண்டாடித் தீர்த்தோம். அந்த விருதுக்கான இறுதிப் பட்டியலில் இருந்த ஐந்து தொகுப்புகளில் ஒன்று, நைஜீரியப் பாடகர் பர்னா பாயின் 'ஐ டோல்ட் தெம்'. விருது கைநழுவிய அதே நாளில், விழாவின் முதன்மை மேடையில் ஏறிப் பாடினார் அவர். ஆஃப்ரோபீட்ஸ் பாடகர் ஒருவருக்கு அந்த மேடை கிடைத்தது அதுவே முதல் முறை.

பர்னா பாய் யார்? உலகின் பெரிய விளையாட்டரங்குகளை அவர் பாட்டு எப்படி நிறைக்கிறது? இதற்குப் பதில் தேட, முதலில் ஓர் எழுத்தைக் கவனிக்க வேண்டும்.

'ஸ்' என்ற ஓர் எழுத்து

ஆஃப்ரோபீட் வேறு, ஆஃப்ரோபீட்ஸ் வேறு. முன்னது 1960-களின் இறுதியில் உருவானது. நைஜீரியக் கலைஞர் ஃபெலா குட்டியும் அவருடைய டிரம்ஸ் கலைஞர் டோனி ஆலனும் மேற்கு ஆப்பிரிக்க 'ஹைலைஃப்' இசை, யொரூபா தாளம், ஜாஸ், அமெரிக்க ஃபங்க் ஆகியவற்றைக் கலந்து அதை வார்த்தெடுத்தார்கள். ஒரே பாட்டு இருபது நிமிடம்கூட ஓடும். பாதி நேரம் வாத்தியங்களே பேசும். மீதி நேரத்தில் ராணுவ ஆட்சியாளர்களைப் பெயர் சொல்லிச் சாடுவார் ஃபெலா. அதற்கு அவர் கொடுத்த விலை பெரியது. 1977 பிப்ரவரியில் லாகோஸில் அவருடைய வீட்டை ராணுவத்தினர் சூறையாடித் தீவைத்தனர். பெண்ணுரிமைப் போராளியான அவருடைய தாய் ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டியை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தனர். அடுத்த ஆண்டு அந்தத் தாய் இறந்துபோனார்.

ஆஃப்ரோபீட்ஸ் 2000-க்குப் பிறகு லாகோஸ், அக்ரா நகரங்களின் கணினி ஸ்டூடியோக்களில் வளர்ந்தது. ஹிப் ஹாப், ஜமைக்காவின் டான்ஸ்ஹால், உள்ளூர்த் தாளங்கள் எல்லாம் கலந்த மூன்று நிமிட ஆட்டப் பாட்டுகள் இவை. விஸ்கிட், டேவிடோ, டிவா சாவேஜ் போன்றவர்கள் இதன் முகங்கள். ஃபெலாவிடமிருந்து பெயர் வந்தது. அவருடைய கோபம் பெரும்பாலும் கூடவே வரவில்லை. அந்த இடைவெளியில்தான் பர்னா பாய் நிற்கிறார். தன் இசைக்கு அவரே வைத்திருக்கும் பெயர் 'ஆஃப்ரோஃபியூஷன்'.

பாட்டு குடியிருந்த வீடு

பர்னா பாயின் இயற்பெயர் டாமினி எபுனொலுவா ஒகுலு. எண்ணெய் வளம் மிக்க நைஜர் டெல்டாவின் பெருநகரமான போர்ட் ஹார்கோர்ட்டில் 1991 ஜூலை 2 அன்று பிறந்தார். தாய்வழித் தாத்தா பென்சன் இடோனிஜே வானொலிக்காரர், இசை விமர்சகர். ஃபெலா இன்னும் புகழ் பெறாத 1960-களில் அவருக்கு மேலாளராக இருந்தவர். தாத்தாவின் இசைத்தட்டுகளும் கதைகளும் பேரனுக்குத் தாலாட்டு மாதிரி.

தாய் போஸ் ஒகுலு மொழிபெயர்ப்பாளர், பல மொழிகள் கற்பித்த ஆசிரியை. பின்னாளில் மகனுக்கு மேலாளரானார். 'மாமா பர்னா' என்றால் நைஜீரிய இசையுலகில் தெரியாதவர் இல்லை. தாத்தா ஃபெலாவை நிர்வகித்தார், மகள் தன் மகனை நிர்வகிக்கிறார்.

பள்ளி நண்பர் ஒருவர் கொடுத்த 'ஃப்ரூட்டி லூப்ஸ்' மென்பொருளில் பத்து வயதிலேயே தாளம் கோக்கத் தொடங்கினார் டாமினி. மேல்படிப்புக்கு இங்கிலாந்து அனுப்பினார்கள். சசெக்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் என்று இரண்டு பல்கலைக்கழகங்களில் சேர்ந்தும் பட்டம் முடிக்காமல் ஊர் திரும்பினார். உள்ளூர் எஃப்.எம். வானொலியில் சில காலம் பயிற்சியாளராக இருந்தார். இசையமைப்பாளர் லெரிக்குடன் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட 'லைக் டு பார்ட்டி' அவரை நாடறியச் செய்தது. அடுத்த ஆண்டில் முதல் தொகுப்பு 'லைஃப்' வந்தது.

பெயர்க் குழப்பம் தந்த திருப்பம்

2018-இல் அவர் பாடிய 'யே' ஏற்கெனவே நைஜீரியத் தெருக்களில் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த ஜூனில் அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட் அதே பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதைத் தேடி இணையத்தில் தட்டியவர்கள் தடம் மாறி பர்னா பாயின் பாட்டில் வந்து விழுந்தார்கள். கேட்போர் எண்ணிக்கை சட்டென்று எகிறியது. வழி தவறி வந்தவர்கள்தான். ஆனால் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அவர்களைத் தங்கவைத்தது என்ன? 'யே'யை உற்றுக் கேட்டால் அடியில் ஃபெலா தெரிவார். ராணுவமும் போலீசும் நடத்திய அடாவடியைப் பற்றி 1977-இல் ஃபெலா ஒரு பாட்டு செய்தார். அடி விழும்போது மக்கள் ஏன் எதிர்த்து நிற்பதில்லை? சாக விருப்பமில்லை, வீட்டில் தாயும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று மக்கள் சொல்லும் காரணங்களை அதில் அடுக்கினார். அந்த வரிகளின் சாயலை எடுத்து, அவசரமில்லாத ஒரு மெட்டில் போட்டார் பர்னா. நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அதே பயம், அதே வாழும் ஆசை. ஆடுகிறவர் ஆடலாம், காது கொடுப்பவருக்கு உள்ளே ஒரு தேசத்தின் களைப்பு கேட்கும்.

இன்னொன்று அவருடைய மொழி. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நைஜீரியாவில் சந்தைக்கும் பேருந்துக்கும் பொதுவான பேச்சு பிட்ஜின். ஆங்கிலச் சொற்களை எடுத்து, ஆப்பிரிக்க மொழிகளின் நடையில் பேசுவது. படித்தவர்கள் 'உடைந்த ஆங்கிலம்' என்று ஒதுக்கிய அந்தப் பேச்சிலேயே பர்னா பாடுகிறார், இடையிடையே யொரூபா கலந்து. வெளிநாட்டாருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அதை அவர் செம்மைப்படுத்தவில்லை.

போஸ்டரில் ஒரு பெயர்

2019 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா இசை விழா தன் போஸ்டரை வெளியிட்டது. அத்தகைய போஸ்டர்களில் எழுத்தின் அளவுதான் அந்தஸ்து. உச்சியில் பெரிய எழுத்தில் நட்சத்திரங்கள். கீழே வரவர எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். பர்னாவின் பெயர் கீழ் வரிசையில் பொடி எழுத்தில் கிடந்தது. தான் ஓர் ஆப்பிரிக்கப் பேருருவம், இந்தச் சிறிய எழுத்துக்குள் தன்னைச் சுருக்க முடியாது என்று இன்ஸ்டாகிராமில் கொதித்தார். தலைக்கனம் என்று அவருடைய நாட்டிலேயே பலர் கேலி செய்தார்கள்.

அந்த ஜூலையில் அடுத்த தொகுப்பு வந்தது. தலைப்பு 'ஆப்பிரிக்கன் ஜெயன்ட்'. கேலிக்கு உள்ளான சொல்லையே அட்டையில் ஏற்றினார். அதில் 'அனதர் ஸ்டோரி' என்ற பாட்டு ஒரு வரலாற்றுப் பாடத்தோடு தொடங்குகிறது. நைஜர் ஆற்றுப் பகுதியில் வணிகம் செய்த ஒரு பிரிட்டிஷ் கம்பெனி, 1900-ஆம் ஆண்டு தன் உரிமைகளை 8,65,000 பவுண்டுக்கு பிரிட்டிஷ் அரசுக்கு விற்றது. ஒரு நாடு கைமாறிய விலை அது. கிழக்கிந்தியக் கம்பெனியை அறிந்த நமக்கு அந்தக் கணக்கு புதிதல்ல.

அந்தத் தொகுப்பு கிராமிக்குப் பரிந்துரையானது. விருதை வென்ற பெனின் நாட்டுப் பாடகி ஏஞ்சலிக் கிஜோ, மேடையிலேயே அதை பர்னாவுக்குக் காணிக்கையாக்கினார். மறு ஆண்டு, 2021 மார்ச்சில், 'ட்வைஸ் அஸ் டால்' தொகுப்புக்காக விருது அவர் கைக்கே வந்தது. 'வேர்ல்டு மியூசிக்' என்ற பழைய பெயரில் காலனிய வாடை அடிக்கிறது என்று கிராமி அமைப்பு அதை 'குளோபல்' என மாற்றியிருந்தது. புதிய பெயரில் தரப்பட்ட முதல் விருது அதுதான்.

பிறகு மேடைகள் பெருகின. 2022-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். 2023 ஜூனில், 60,000-க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய லண்டன் ஸ்டேடியம். பிரிட்டனில் ஒரு விளையாட்டரங்க நிகழ்ச்சியைத் தலைமையேற்று நடத்திய முதல் ஆப்பிரிக்கக் கலைஞர் அவரே. பட்டம் வாங்காமல் திரும்பிய நாட்டில் இப்படி ஒரு வரவேற்பு. அதே ஆண்டு, சுட்டுக் கொல்லப்பட்ட பஞ்சாபிப் பாடகர் சித்து மூஸ்வாலாவின் 'மேரா நா' பாட்டில் பர்னாவின் குரலும் ஒலித்தது.

கரி படிந்த ஊர்

புகழ் உச்சியில் இருந்த 2022-இல் வந்த 'லவ், டாமினி' தொகுப்பில் காதல் தோல்வியைப் பாடும் 'லாஸ்ட் லாஸ்ட்' உலகெங்கும் ஓடியது. அதில் டோனி பிராக்ஸ்டனின் பழைய பாட்டுத் துண்டு ஒன்றைப் பயன்படுத்தியதால், அதன் உரிமைத்தொகையில் 60 விழுக்காடு அவருக்குப் போகிறது என்று பர்னாவே சொல்லியிருக்கிறார்.

அதே தொகுப்பில் 'விஸ்கி' என்றொரு பாட்டு உண்டு. அது போர்ட் ஹார்கோர்ட்டின் காற்றைப் பற்றியது. 'தோட்ட நகரம்' என்று பெயர் பெற்ற அந்த ஊரில் 2016 வாக்கில் இருந்து கரித்தூள் இறங்கத் தொடங்கியது. காலையில் ஜன்னல் விளிம்பைத் துடைத்தால் விரல் கறுக்கும். கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியிலும் கறுப்புப் பொட்டுகள். குழாயில் திருடிய கச்சா எண்ணெயைச் சதுப்புநிலக் காடுகளுக்குள் வெறும் பீப்பாய்களில் காய்ச்சி வடிக்கும் கள்ளச் சுத்திகரிப்பு முக்கியக் காரணம். நாட்டுக்கே எண்ணெய் தரும் மண்ணில் வேலை இல்லாத இளைஞர்களுக்கு அதுவே பிழைப்பு. இந்தச் சிக்கலை ஆட்டப் பாட்டுக்குள் கொண்டுவந்தது சிறிய காரியமல்ல.

நாட்டின் காயத்தை அவர் பாடியது அது முதல் முறையல்ல. 2020 அக்டோபர் 20 அன்று, போலீஸ் அராஜகத்தை எதிர்த்து லாகோஸின் லெக்கி சுங்கச்சாவடியில் திரண்ட இளைஞர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பத்தே நாளில் அந்தத் தேதியையே தலைப்பாக்கி '20 10 20' என்ற பாட்டை வெளியிட்டார் பர்னா.

குறைகளும் உண்டு

2023 புத்தாண்டு நாளில் லாகோஸ் நிகழ்ச்சிக்கு அவர் பல மணி நேரம் தாமதமாக வந்ததை ரசிகர்கள் மறக்கவில்லை. அதே ஆண்டு ஒரு பேட்டியில், ஆஃப்ரோபீட்ஸ் பாட்டுகளில் பெரும்பாலானவற்றில் சரக்கில்லை என்றார். தன்னை வளர்த்த இசையையே இழிவுபடுத்துகிறார் என்று சக கலைஞர்களும் ரசிகர்களும் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானதே. துயரம் மிகுந்த நாட்டில், மக்களை மூன்று நிமிடம் ஆடவைப்பதும் ஒரு பணிதான்.

ஆனால் பர்னாவின் சிறந்த பாட்டுகளில் ஆட்டமும் ஆவேசமும் ஒன்றையொன்று தள்ளிவிடுவதில்லை. ஃபெலாவின் வீட்டைக் கொளுத்தியவர்களால் கொளுத்த முடியாமல் போனது, ஒரு தாத்தாவின் ஞாபகத்தில் தங்கி, பேரனின் குரலில் திரும்ப வந்திருக்கிறது. புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் 'யே'யில் ஆரம்பிக்கலாம். அது பழகியதும் 'விஸ்கி'யைப் போட்டுப் பாருங்கள். அரங்கின் ஆரவாரத்துக்கு அப்பால், கரி படிந்த ஒரு ஜன்னலைத் திறந்து தன் ஊரைக் காட்டுகிறார் அவர்.