விபத்தா? ஆறு மாதம்தான் கெடு

மண்டபத்தூர்க்காரர்கள் வடக்கே தரங்கம்பாடிக்குப் போனாலும் தெற்கே காரைக்காலுக்குப் போனாலும் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் வழி. அந்தச் சாலையில் கார் மோதிக் கால் முறிந்து, ஒரு ரூபாய் இழப்பீடும் இல்லாமல் வீட்டில் கிடப்பவர்களை விசாரித்தால் கதை பெரும்பாலும் ஒன்றுதான். மோதியவர் இறங்கி வந்து, “ஆஸ்பத்திரி செலவு பூரா நான் பாத்துக்கிறேன், போலீஸ் கேஸ் மட்டும் வேணாம்” என்கிறார். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ஏதோ சில ஆயிரங்கள் கைமாறுகின்றன. மூன்றாவது மாதம் காலில் வைத்த கம்பியைச் சுற்றிச் சீழ் பிடிக்கிறது, இன்னொரு ஆபரேஷன் என்கிறார் டாக்டர். அப்போது கார்க்காரரின் போன் எடுக்கப்படுவதில்லை.

பாவம், அவர் எங்கே போவார் என்று இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்கிறார்கள். அந்த இரக்கத்துக்கு அவசியமே இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். காப்பீடு இருந்தால் இழப்பீட்டைக் கொடுக்கப் போவது இன்சூரன்ஸ் கம்பெனி. அதற்காகத்தான் அவர் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறார்.

வழக்கு கெடுவது பெரும்பாலும் நீதிமன்றத்தில் அல்ல, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு மேசையில். அடிபட்டவரைக் கொண்டுவந்ததும் எப்படி நடந்தது என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதுவார்கள். போலீசுக்குப் பயந்து “வண்டியிலேர்ந்து தவறி விழுந்துட்டார்” என்று உடன் வந்தவர் சொல்லிவிட்டால், மோதிய கார் அந்த ஒரு வரியில் காணாமல் போய்விடும். இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் கையில் எடுப்பதும் அந்த வரியைத்தான். கார் மோதியது, இன்ன இடம், இன்ன நேரம், தெரிந்தால் வண்டி எண் என்று சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். காரைக்காலிலிருந்து ஜிப்மருக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பினாலும் முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியை வாங்காமல் விடாதீர்கள்.

சிகிச்சைக்குக் கையில் பணமில்லை என்பதற்காகவும் சமாதானத்துக்குப் போக வேண்டாம். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. மருத்துவமனையில் கேளுங்கள். நாமாகக் கேட்டால்தான் பல இடங்களில் வாயைத் திறக்கிறார்கள்.

நம் பகுதிக்கென்றே ஒரு தலைவலி எல்லை. நண்டலாற்றுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி போலீஸ், அந்தப் பக்கம் தமிழ்நாடு போலீஸ். “எங்க லிமிட் இல்ல, அங்க போங்க” என்று எலும்பு முறிந்தவரின் குடும்பத்தை அலைக்கழிப்பதை எந்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பெற வேண்டும் என்கிறது. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் (எஃப்.ஐ.ஆர்.) நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். மறுத்தால் புகாரை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை எஃப்.ஐ.ஆர். என்று நம்பி மாதக்கணக்கில் பையில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அது புகார் வாங்கியதற்கான சீட்டு மட்டுமே.

இழப்பீட்டு மனுவுக்கு எல்லைத் தடை கிடையாது. விபத்து தமிழ்நாட்டுப் பக்கம் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். மண்டபத்தூர்க்காரருக்குக் காரைக்கால் நீதிமன்ற வளாகம் போதும்.

சட்டப்படி போலீசே பாதி வேலையைச் செய்ய வேண்டும். 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் முழு விவர அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்கின்றன 2022 ஏப்ரலில் வந்த விதிகள். இதற்கென்று காவல் நிலையங்களில் தனிப் பிரிவு அமைக்கும்படி அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. விதி ஒழுங்காக நடந்தால் உத்தரவு எதற்கு? போலீஸ் அனுப்பிவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள்.

ஏனென்றால் கெடு ஆறு மாதம். 1994-லிருந்து 2022 மார்ச் வரை காலக்கெடுவே இல்லாததால், “எப்ப வேணா போட்டுக்கலாம்” என்ற பேச்சு இன்னும் ஊரில் உலவுகிறது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இதை எதிர்த்த வழக்கில், காலம் கடந்ததென்று மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. கெடு தாண்டியவர்கள் அதைச் சொல்லி மனு போடலாம். தாண்டாதவர்கள் அதை நம்பி உட்காரக் கூடாது. ஆறு மாதம், அவ்வளவுதான்.

தொகை எப்படி வருகிறது? 32 வயது படகுத் தொழிலாளி, மாத வருமானம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அந்த வயதுக்கான பெருக்கல் எண் 16, ஆக 40,32,000. மருத்துவக் குழு 25 சதவீத ஊனம் என்று எழுதினால் வருமான இழப்பு 10,08,000. இதோடு நிற்க வேண்டியதில்லை. ஊனத்தின் சதவீதம் வேறு, பிழைப்பில் ஏற்பட்ட இழப்பு வேறு என்று ராஜ்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. வலை இழுக்க முடியாத கை மீனவருக்கு என்ன நஷ்டம் என்பதைச் சாட்சியோடு காட்டி, தீர்ப்பாயம் அதை 60 சதவீதமாக ஏற்றால் அதே தொகை 24,19,200.

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லை என்று தயங்க வேண்டாம். மீனவர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, ஏலக்காரரின் துண்டுச் சீட்டு, வங்கிப் பாஸ்புக் எல்லாம் உதவும். கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணை மனுவில் “இல்லத்தரசி” என்று மட்டும் எழுதி அவருடைய உழைப்பை அழித்துவிடாதீர்கள்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் வழி இருக்கிறது. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, பாஸ்புக் நகல் இவற்றோடு, நீதிமன்றத்துக்கு அல்ல, வருவாய்த்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விசாரிப்பவர் வருவாய்த்துறை அதிகாரி, அனுமதிப்பவர் கலெக்டர். இந்தத் திட்டத்தைப் போலீசே குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும், சொல்லக் காணோம்.

குட்டி யானையிலும் லோடு ஆட்டோவிலும் ஆட்களை ஏற்றி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சரக்கு வண்டியில் சும்மா ஏறிய பயணிக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பல்ல என்று 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் ஓனரிடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் என்ன இருக்கும்?

ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலருகே வந்து, “கேஸ் நாங்க பாத்துக்கிறோம்” என்று வெற்றுத் தாளிலும் காசோலையிலும் கையெழுத்துக் கேட்பவர்களைத் துரத்திவிடுங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100.

உங்கள் வீட்டில் அடிபட்டவர் இருந்தால் விபத்துக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று இன்றே எண்ணிப் பாருங்கள். ஐந்து மாதம் ஆகியிருந்தால் நாளைக் காலையே எஃப்.ஐ.ஆர். நகலும் ஏ.ஆர். காப்பியும் எடுத்துக்கொண்டு காரைக்கால் நீதிமன்றத்துக்குப் போங்கள்.