சீறும் கார்

காலையில் காரை முடுக்கியதும் 'உஸ்' என்ற ஒலி எழுகின்றதா? பெரும்பாலும் அது வெளியேறும் காற்றன்று. உள்ளே இழுபடும் காற்றே. ஓடும் பெற்றோல் எஞ்சின் தன் உறிஞ்சு குழாயில் அமுக்கத்தைக் குறைக்கின்றது. அதனோடு இணைந்த றப்பர்க் குழாய் வெப்பத்தால் வெடித்திருப்பின் அவ்வழியே காற்றுப் புகுந்து சீறும். எஞ்சினும் சீரிழந்து நடுங்கும். சுழலும் விசிறியிலிருந்து கையை விலக்கி வைத்து, ஐயத்துக்குரிய குழாயை நெரித்துப் பாருங்கள். ஒலி அடங்கினால் குற்றம் அங்கேதான். இதற்கு எஞ்சினையே கழற்ற முனைவாரும் உளர். புதுக் குழாயொன்றே போதும்.

பிறேக் மிதியை அழுத்தி வைத்திருக்கையிலும் சீறல் தொடருமாயின் செய்தி வேறு. மிதிக்குத் துணைபுரியும் பூஸ்டரின் றப்பர்ச் சவ்வு கிழிந்திருக்கலாம். அப்போது மிதி கல்லாய் இறுகும். வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நில்லாது. அன்று பிள்ளைகள் பேருந்திலேயே பாடசாலை செல்லட்டும். மெக்கானிக்கை வீட்டிற்கு அழையுங்கள்.