கரையேற ஒரு வீடு – 9: இரண்டு கணியூர்

சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் 'கணியூரில் வீடு விற்பனைக்கு' என்று தேடுகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கணியூர் இரண்டு இருக்கிறது. ஒன்று மடத்துக்குளம் வட்டத்துப் பேரூராட்சி. அமராவதிப் பாசனம், நெல், கரும்பு, தென்னை. இன்னொன்று கோவையிலிருந்து அவிநாசி போகும் வழியில், சூலூர் வட்டத்தில், தேசிய நெடுஞ்சாலை 544-இல் டோல்கேட் இருக்கிறதே, அந்த ஊர். கருமத்தம்பட்டியும் சோமனூரும் அடுத்தாற்போல. திரும்பிய பக்கமெல்லாம் விசைத்தறி.

முதல் கணியூர் திருப்பூர் மாவட்டம், இரண்டாவது கோவை மாவட்டம். ஆனால் திருப்பூர் மாவட்டம் நடைமுறைக்கு வந்ததே 2009-இல்தான். அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம் எதைப் புரட்டினாலும் இரண்டு கணியூரும் 'கோயம்புத்தூர் மாவட்டம்' என்றே இருக்கும். எந்த வட்டம், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், எந்தச் சர்வே எண் என்று பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பிவிட்டு, ஆற்றோரத் தென்னந்தோப்பு என்று நினைத்தது டோல்கேட் ஓரமாகிவிட்டால் யாரையும் நொந்துகொள்ள முடியாது.

இந்த வாரம் நாம் பேசப்போகிறவருக்கு இரண்டு கணியூருமே வேண்டியிருக்கிறது. மனசு கேட்பது முதலாவதை. சட்டம் கொடுப்பது இரண்டாவதை.

அவரை இப்படி வைத்துக்கொள்வோம். சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பாலிடெக்னிக் முடித்துச் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்குப் போனவர். முதலில் நிரந்தரவாசம், பிறகு குடியுரிமை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, அங்கேயே படித்து அங்கேயே வேலைக்குப் போன பிள்ளைகள். 65 வயதிலிருந்து மத்திய சேம நிதியில் மாதாமாதம் பணம் வரும். கையில் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை) அட்டை இருக்கிறது. கடைசிக் காலத்துக்கு அவருக்கு வேண்டியது ஒரு தோட்டத்துச் சாளை. கிணறு, பத்துப் பதினைந்து தென்னை, முன்வாசலில் கயிற்றுக் கட்டில், கட்டுத்தறியில் ஒரு மாடு. கொங்கு நாட்டில் பிறந்த எவருக்கும் இந்த ஆசை இருக்கும். தறிக்காரர் பிள்ளைக்கு, தோட்டம் இல்லாத வீட்டில் பிறந்தவர் என்பதால், கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அந்தச் சாளையை அவர் வாங்க முடியாது.

ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் இந்தியாவில் வீடு வாங்கலாம், மனை வாங்கலாம், கடை வாங்கலாம். ரிசர்வ் வங்கியிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. விவசாய நிலம், தோட்டப் பயிர் எஸ்டேட், பண்ணை வீடு ஆகிய மூன்றை மட்டும் தொடக்கூடாது. 2019-இல் வந்த அந்நியச் செலாவணி மேலாண்மை விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. ஓசிஐ அட்டைதாரரின் உரிமைகளை வரிசைப்படுத்தி 2021 மார்ச் 4 அன்று உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையும் இதைத்தான் சொல்கிறது. சாளை என்பது சட்டத்தின் கண்ணில் பண்ணை வீடு. ஓட்டுக்கூரையாக இருந்தாலும் சரி, ஒற்றை அறையாக இருந்தாலும் சரி.

இங்கே பலருக்கு உறுத்துகிற ஒரு கணக்கு இருக்கிறது. அவரோடு ஒரே விமானத்தில் போய், ஒரே பட்டறையில் வேலை பார்த்து, கடைசிவரை இந்தியப் பாஸ்போர்ட்டை விடாமல் நிரந்தரவாசியாகவே இருந்துவிட்ட கூட்டாளி ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும்வரை அவருக்கும் இதே தடைதான். ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டால், அவர் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகன். மறுநாளே பத்து ஏக்கர் கிரயம் பண்ணலாம். நம்மவர் கோவையில் இருபது வருஷம் தொடர்ந்து குடியிருந்தாலும் ஓசிஐ ஓசிஐதான். இரட்டைக் குடியுரிமையை இந்தியாவும் ஏற்பதில்லை, சிங்கப்பூரும் ஏற்பதில்லை, மலேசியாவும் ஏற்பதில்லை. பாஸ்போர்ட் மாற்றிய அன்று யாரும் தோப்பை நினைத்துக் கையெழுத்துப் போடுவதில்லை.

இதற்கு ஊரில் ஒரு வழி சொல்வார்கள். புரோக்கர் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுச் சொல்லும் வழி.

"ஏனுங்ணா, அதுக்குப் போயி யோசிச்சுட்டு இருக்கறீங்க? மச்சான் பேருல போட்டுக்கலாமுங்க. காசு உங்குளுது, காடு உங்குளுது. பேருதானுங்க அவருது."

"நாளைக்கு மச்சான் இல்லைன்னு சொல்லிட்டா?"

"அட, சொந்தத்துக்குள்ள அப்படியெல்லாம் வருமுங்களா?"

வரும். அது ஒரு பக்கம். மச்சான் தங்கமாகவே இருக்கட்டும். பணம் ஒருவர் கொடுக்க, பத்திரம் இன்னொருவர் பெயரில் போக, அனுபவிப்பது பணம் கொடுத்தவர் என்றால் அதற்குப் பெயர் பினாமி. 1988 சட்டத்துக்கு 2016 நவம்பர் 1 முதல் பல் முளைத்துவிட்டது. சொத்து அரசுக்குப் போகும். 1 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல். சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். மனைவி, பிள்ளைகள் பெயரில் கணக்கில் காட்டிய பணத்தில் வாங்குவது போன்ற சில விலக்குகள் உண்டு. மச்சான் அந்தப் பட்டியலில் இல்லை. போதாக்குறைக்கு ஃபெமா என்னும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் தனியே நிற்கிறது: மீறிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம். இத்தனைக்கும் பிறகு மச்சானின் மகன் ஒருநாள் கடனுக்கு அந்தப் பத்திரத்தை வங்கியில் வைத்தால், நம்மவர் எந்த நீதிமன்றத்திலும் போய் 'அது என் காடு' என்று சொல்ல முடியாது. சொன்னாலே பினாமி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சரி, அண்ணன் தன் பங்குத் தோட்டத்தைத் தானமாக எழுதிக் கொடுத்தால்? அதுவும் செல்லாது. ஓசிஐ அட்டைதாரர் நெருங்கிய உறவினரிடமிருந்து வீட்டையோ மனையையோ தானமாகப் பெறலாம், விவசாய நிலத்தைப் பெற முடியாது. ஆனால் அதே அண்ணன் உயில் எழுதி வைத்துவிட்டுக் காலமானால், அதே நிலம் தம்பிக்கு முறைப்படி வரும். வாரிசாக வருகிற விவசாய நிலத்துக்குத் தடை இல்லை. உயிரோடு இருக்கும்போது தரமுடியாத அண்ணன் இறந்தபின் தரலாம் என்பது சட்டத்தை எழுதியவர்களுக்கு விசித்திரமாகப் படவில்லை போலும். அப்படி வந்ததை விற்க நினைத்தாலும் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே விற்கலாம்.

'இதையெல்லாம் யார் சார் பார்க்கிறார்கள், பத்திரம் பதிவாகிவிட்டால் முடிந்தது' என்பார்கள். பெங்களூரில் வெளிநாட்டவர் ஒருவரின் விதவை, அவரும் வெளிநாட்டுக் குடிமகள், 1977-இல் தன் சொத்தில் ஒரு பகுதியைத் தானமாக எழுதிக் கொடுத்தார். அன்றைய செலாவணிச் சட்டப்படி ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வாங்கவில்லை. வழக்கு கீழிருந்து மேலே ஏறி, 2021 பிப்ரவரி 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தானமே செல்லாது என்றது. 44 வருஷம். எழுதிக் கொடுத்த காலத்தின் சட்டம் இன்று இல்லை, அதற்குப் பிறகு வந்த ஃபெமா மிருதுவானது. என்றாலும் பதிவு முத்திரை விழுந்தது என்பதால் மட்டும் குறை நீங்கிவிடாது. பதிவாளர் விற்பவரின் உரிமை மூலத்தை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்கிறவர் இல்லை என்பதை, தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைப் பற்றிய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. மூலத்தை வாங்குகிறவர்தான் பார்த்தாக வேண்டும்.

ஆகவே டோல்கேட் கணியூர். அரசூர், கருமத்தம்பட்டி, தெக்கலூர் என்று நெடுஞ்சாலையின் இருபுறமும் சைட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். கோவை விமான நிலையம் அதே சாலையில்; சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. அவிநாசி சாலைப் பெரிய மருத்துவமனைகளும் அதே கோட்டில். பிள்ளைகள் வந்துபோக, நெஞ்சுவலி வந்தால் ஓட, இந்த இடம் வசதிதான்.

சைட்டில் பார்க்க வேண்டியது முதலில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அனுமதி. 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குதுங்க' என்று யாராவது சொன்னால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் நிறுத்தியதும், பதிவுத்துறை குவியல் குவியலாகப் பத்திரங்களைத் திருப்பி அனுப்பியதும், மறு ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்ததும் ஊரில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பிரிக்கப்பட்ட மனைக்கு அந்த வரன்முறைச் சலுகை பொருந்தாது. மனைப்பிரிவு 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) பதிவு எண்ணும் வேண்டும்.

வில்லங்கச் சான்றை 1975 முதல் பதிவுத்துறைத் தளத்திலேயே பார்க்கலாம். கட்டணம் இல்லை, சிங்கப்பூரிலிருந்தே பார்க்கலாம். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு உள்ளூர் வக்கீல் ஒருவர் வேண்டும். புரோக்கர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம். செலவையும் முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள்: முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்.

பணம் வங்கி வழியாக மட்டுமே வர வேண்டும். வெளிநாட்டு நோட்டுக் கட்டாகக் கொடுக்கக்கூடாது. இது ஒழுக்க போதனை அல்ல. நாளைக்கு விற்றுப் பணத்தைத் திரும்ப எடுத்துப்போக, எந்த வழியாக உள்ளே வந்தது என்ற சீட்டைத்தான் வங்கி கேட்கும். கறுப்பில் கொடுத்த பாதி அப்போது இல்லாத பாதி.

நேரில் வரமுடியாமல் பவர் கொடுப்பதானால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பி, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அந்தப் பவரில் 'வாங்க' என்று மட்டும் இருக்கட்டும். 'வாங்க, விற்க, அடமானம் வைக்க' என்று டைப் அடிக்கிறவர் பழக்கதோஷத்தில் சேர்த்துவிடுவார். இந்த ஒரு வரியில் வீடு இழந்தவர்கள் கதை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது.

காகிதமெல்லாம் சரியாக இருந்தாலும் வீட்டை ராத்திரியில் ஒருதரம் பார்க்க வேண்டும். சோமனூர்ப் பக்கம் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் வீடு பார்க்கிறவர் ஏமாந்துபோவார். பகல் முழுக்கக் கிளிச் சத்தம் கேட்கும். சாயங்காலம் கரண்ட் வந்ததும் பக்கத்து ஷெட்டில் தறிகள் ஒன்றாக எடுக்கும்போது தண்ணீர்த் தம்ளர் மேஜையில் நடுங்கும். தறிச் சத்தத்தில் பிறந்து அதிலேயே தூங்கி வளர்ந்தவர்தான் நம்மவர். முப்பது வருஷம் வீவக வீட்டின் பதின்மூன்றாம் மாடியில் படுத்த காதுக்கு இனி அது பொறுக்குமா என்பது வேறு. தண்ணீரும் அப்படித்தான். குளங்களை நிரப்ப 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் திறந்தார்கள். அதை நம்பிப் போர்வெல் ஆழம் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

அதனால்தான் என் யோசனை, முதல் வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு கோடை, ஒரு மழை, ஒரு ஆஸ்பத்திரிச் சேர்க்கை பார்த்தபின் கிரயம் பேசலாம். கோவையைச் சுற்றி முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்புகள் இன்று ஏராளம். சாப்பாடு, நர்ஸ், கைப்பிடி வைத்த குளியலறை எல்லாம் உண்டு. குடியிருப்பு வகை என்பதால் ஓசிஐ அட்டைக்கும் தடை இல்லை. அங்கே வாடகைக்கும் இடம் கிடைக்கிறது. கயிற்றுக் கட்டில் கிடைக்காது.

ஓசிஐ இல்லாத மனைவி என்றால், சிங்கப்பூரில் சீனப் பெண்ணை மணந்தவர்கள் உண்டல்லவா, கல்யாணம் பதிவாகி 2 வருஷம் தொடர்ந்திருந்தால் கணவனோடு சேர்ந்து ஒரு சொத்து வாங்கலாம். அவர் பெயரில் தனியாக முடியாது.

மற்ற நாடுகள் இவ்வளவு இழுப்பதில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். உண்மைதான், ஆனால் அங்கே வேறு விதமாகக் கேட்கிறார்கள். மலேசியாவின் 'இரண்டாம் இல்லம்' திட்டத்தில் 2024 மாற்றத்துக்குப் பிறகு, வைப்புத்தொகை போட்டால் போதாது, வீடும் வாங்கியாக வேண்டும். வெள்ளி (சில்வர்) பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்பு. துபாயில் 55 வயது தாண்டியவருக்குச் சொத்துக் கணக்கில் விசா உண்டு. வீட்டுக்கு விசா கொடுத்துக்கொண்டிருந்த போர்ச்சுகல் 2023-இலும் ஸ்பெயின் 2025-இலும் அந்தக் கதவைச் சாத்திவிட்டன. அங்கே காசு இருந்தால் ஊர் தருவார்கள், மனம் மாறினால் விசாவை எடுப்பார்கள். இங்கே நம்மவருக்கு விசாத் தொல்லை இல்லை. ஓசிஐ ஆயுள் முழுக்க. காடு மட்டும்தான் கிடையாது.

பின்னால் அவரோ பிள்ளைகளோ வீட்டை விற்றால் என்ன ஆகும் என்பதற்குப் பதில், அன்று விற்கிறவர் வருமான வரிக் கணக்கில் யார் என்பதில் இருக்கிறது. பாஸ்போர்ட் ஒரு கணக்கு, செலாவணிச் சட்டம் இன்னொரு கணக்கு, வரிச்சட்டம் வருஷத்தில் எத்தனை நாள் இங்கே இருந்தார் என்று எண்ணும் மூன்றாவது கணக்கு. இங்கே வசிப்பவர் விற்றால் 50 லட்சத்துக்கு மேல் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக் கட்டுவார். வெளிநாட்டில் வசிக்கும் மகன் விற்றால் பிடித்தம் அதைவிடப் பல மடங்கு. முன்கூட்டியே வரி அலுவலகத்தில் குறைந்த பிடித்தச் சான்று வாங்காவிட்டால் வாங்க வந்தவரே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார். இரண்டு வீடு வரை விற்ற பணத்தை, உள்ளே வந்த அளவுக்கு, வெளியே கொண்டுபோகலாம். மீதி, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்ஆர்ஓ கணக்கில் விழும்; அதிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை.

உயில் எங்கே எழுதுவது, சிங்கப்பூரிலா கோவையிலா, எத்தனை எழுதுவது என்பது அடுத்த வாரம்.