சாரல் காலப் புற்றுக் காளான்: பறிக்குமுன் அடிக்காம்பைப் பாருங்கள்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் இறங்கியதும், தென்காசி வட்டார வரப்புகளிலும் தோப்புகளிலும் காளான்கள் தலைகாட்டும். இவற்றுள் ருசிக்குப் பெயர் பெற்றது புற்றுக் காளான்.

இதை வளர்ப்பது கறையானே. சருகு, மரத்துண்டு ஆகியவற்றைத் தின்னும் கறையான்கள், மண்ணுக்குள் கடற்பஞ்சு போன்ற கூடுகளைக் கட்டி, அவற்றில் இப்பூசணத்தை உணவுக்காகப் பேணுகின்றன. மழையில் மண் நனைந்ததும் அக்கூட்டிலிருந்தே காளான் மேலெழும்புகிறது. ஆகவே இதன் காம்பு வேர் போல் நீண்டு கூடு வரை செல்லும். குடையின் நடுவில் முனை இருக்கும்.

புற்றருகே முளைப்பதெல்லாம் புற்றுக் காளான் அன்று. புல்தரையில் தோன்றும் பெரிய வெள்ளைக் குடைக் காளான் ஒன்று கடும் வாந்தி, பேதியை உண்டாக்கும். முதிர்ந்ததும் இதன் அடி மடிப்புகள் பச்சை நிறமாகும். 'அமானிட்டா' இனத்தில் உயிரைப் பறிப்பவையும் உண்டு. இவ்வினத்தின் அடிக்காம்பில் கிண்ணம் போன்ற உறை மண்ணுக்குள் மறைந்திருக்கும். மேலாகக் கிள்ளிப் பறிப்போர் இதைக் காண முடியாது.

வெள்ளிக்காசு அல்லது பூண்டு கறுத்தால் விஷம், புழு அரித்திருந்தால் நல்லது என்பன தவறான நம்பிக்கைகள். கொடிய அமானிட்டாவின் நஞ்சு வேகவைத்தாலும் அழியாது. வாந்தி, பேதி 6 மணி நேரத்துக்குப் பிறகே தொடங்கும். பின் குணமானதுபோல் தோன்றி, ஈரல் கெடும்.

எனவே கடைப்பிடிக்க வேண்டியவை:

1. ஒவ்வொரு காளானையும் குச்சியால் மெல்லத் தோண்டி அடிக்காம்பைப் பார்க்க வேண்டும். கிண்ண உறை இருந்தால் எறிந்துவிட வேண்டும். புற்றை உடைக்கக் கூடாது.

2. ஒரு குடையைக் காகிதத்தில் இரவு முழுவதும் கவிழ்த்து வைக்கலாம். படியும் தூள் வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் உண்ணலாகாது. புற்றுக் காளானின் தூள் இளஞ்சிவப்பு. ஆயினும் இந்நிறம் மட்டும் போதாது, வேர்க்காம்பும் இருத்தல் வேண்டும்.

3. பூச்சிமருந்து தெளித்த வயல்களில் பறிக்கலாகாது.

4. உண்டபின் உபாதை கண்டால் தாமதியாமல், மீதிக் காளானுடன் மருத்துவமனை செல்ல வேண்டும்.

அடையாளம் தெரியாதோர் வீட்டிலேயே வளர்ப்பது நலம். வைக்கோலில் சிப்பிக் காளான் நன்கு வரும். வெப்பம் தாங்கும் பால் காளானில் 'ஏ.பி.கே. 2' ரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் அருப்புக்கோட்டையிலிருந்து வெளியிட்டது. ஐயம் தோன்றிய காளான் சட்டிக்குள் போகலாகாது.